செயின் நீள்வதில்லை, தேய்கிறது



பள்ளியில் கொடுத்த சைக்கிளில் செயின் அடிக்கடி கழன்று விழுகிறது, ‘இழுத்து மிதித்ததில் செயின் நீண்டுவிட்டது, ஒரு கண்ணியை வெட்டினால் சரியாகிவிடும்’ என்கிறார்கள், வெட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். வெட்டாதே. பஞ்சர் ஒட்டுவதும் பிரேக் கட்டை மாற்றுவதும் உனக்குத் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். இந்த ‘நீண்டுவிட்டது’ என்ற பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் எஃகுத் தகடு நீளாது. செயினின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதன்மேல் உருளும் ரோலர். மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் உருவாக்கிய அமைப்பு இது. பின்னும் புஷ்ஷும் உரசும் இடத்தில் மணல் புகுந்து அரைக்கிறது. ஒரு மூட்டில் 0.13 மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. நூறு மூட்டுகளில் அது அரை அங்குலம்! செயின் தொங்குவது அதனால்தான்.

கண்ணியை வெட்டினால் தொங்கல் போகும், தேய்மானம் போகாது. மூட்டுக்கு மூட்டு அரை அங்குலம் என்ற கணக்கில்தான் பல்சக்கரத்தின் பற்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. தேய்ந்த செயின் அந்தப் பற்களில் சரியாக உட்காராமல் மேலேறி, அவற்றைக் கொக்கி மாதிரி வளைத்துத் தின்றுவிடும். அப்புறம் செயினோடு பின்பக்கப் பல்சக்கரமான ப்ரீவீலுக்கும் சேர்த்துச் செலவு.

உன் பையில் ஒரு அடி ஸ்கேல் இருக்கும். செயினை இறுக்கிப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வை. 24 இடைவெளி தள்ளியிருக்கும் பின் சரியாக 12 அங்குலத்தில் நின்றால் செயின் நல்ல செயின். பின்சக்கர நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னால் இழுத்து முடுக்கு, போதும். நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆடலாம். பின் 12 அங்குலத்தைத் தாண்டி அரைக்கால் அங்குலம் போயிருந்தால் புதுச் செயின்தான் போட வேண்டும். மாட்டும்போது செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கட்டும்.

ரைட் சகோதரர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு விமானத்தைவிட அவர்களுடைய செயின்தான் கண்ணில் படுகிறது. டேட்டனில் சைக்கிள் கடை நடத்தியவர்கள் அல்லவா? 1903-இல் பறந்த விமானத்தில் இன்ஜினிலிருந்து இரண்டு புரொப்பல்லர்களுக்கும் செயின் வழியாகத்தான் விசை போயிற்று. இரண்டும் எதிரெதிராகச் சுற்ற வேண்டுமென்று ஒரு செயினை எட்டு வடிவத்தில் குறுக்காக ஓட்டினார்கள். பல்சக்கரங்கள் தண்டில் நிற்காமல் தளர்ந்துகொண்டே இருந்தபோது, சைக்கிள் டயர் ஒட்டும் பசையை ஊற்றி இறுக்கினார்கள். ‘பெண் பிள்ளைக்கு எதற்கு இந்தக் கிரீஸ் வேலை’ என்று உன் வீட்டில் சொல்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல். கிரீஸ் படிந்த கைகள்தான் விமானம் செய்தன.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். செயின்மேல் கழிவு ஆயிலை ஊற்றிவிட்டுப் பளபளக்கிறது என்று மகிழ்வது வெறும் மடமை. அந்த ஆயிலிலேயே கரியும் உலோகத் தூளும் இருக்கின்றன. வெளியே ஒட்டிய ஈரம் தெருப் புழுதியையும் இழுத்துக்கொள்ளும். முதலில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடு. பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு ரோலரிலும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடு. அது உள்ளே இறங்கிய பிறகு வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிடு. எண்ணெய் வேண்டியது உள்ளே இருக்கும் பின்னுக்கு, வெளித் தகட்டுக்கு அல்ல.

இன்னொன்று: இடது பெடலைக் கழற்றும்போது மரை தலைகீழாக இருக்கும். வலுவைக் காட்டி மரையைக் கெடுத்துவிடாதே.

இந்த ஞாயிற்றுக்கிழமை செயினை அளந்து பார். 24 இடைவெளிக்கு எவ்வளவு வந்தது என்று எழுது. முடுக்குவதா மாற்றுவதா என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.