பேராசிரியர் இல்லத்துப் படச்சுருள்கள்

அறிவியல் வரலாற்றை நாம் பெரும்பாலும் நூல்களின் வாயிலாகவே கற்கிறோம். ஒரு பேராசிரியரின் துணைவியார் கையில் ஏந்திய சிறு கேமராவும் அவ்வரலாற்றுக்குச் சான்றாக அமைந்ததை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவின் வூஸ்டர் நகரிலுள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக விளங்கியவர் ராபர்ட் காடர்ட் (1882–1945). ஏவுகணை கொண்டு திங்களையும் எட்டலாம் என்னும் அவரது கருத்து 1919ஆம் ஆண்டு ஆய்வேட்டில் இடம்பெற்றது. மறு ஆண்டே நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதனை எள்ளித் தலையங்கம் தீட்டியது. வெற்றிடத்தில் எதனை உந்தி மேலே செல்வது என்பது அதன் வினா. (1969 ஜூலையில் மனிதர் திங்களை நோக்கிப் புறப்பட்ட மறுநாள்தான் அவ்விதழ் தன் பிழையை ஒப்புக்கொண்டது!) இவ்வேளனத்தால் புண்பட்ட காடர்ட் விளம்பரத்தை வெறுத்து ஒதுங்கினார். ஆகவே, அவரை 1924இல் மணந்த எஸ்தர் அம்மையார் எடுத்த படங்களே அவருடைய சோதனைகளுக்குக் கண்கண்ட சான்றாயின. அம்மையார் தொழில்முறை ஒளிப்பதிவாளர் அல்லர். ஏவுகணைக்குரிய பாராசூட்டுகளைத் தைத்துக் கொடுத்தவரும் அவரே.

1926 மார்ச் 16 அன்று, ஆபர்ன் என்னும் சிற்றூரில், உறவினர் ஒருவரின் பண்ணையில், திரவ எரிபொருளால் இயங்கும் உலகின் முதல் ஏவுகணை பறந்தது. உடனிருந்தோர் காடர்ட் தம்பதியரும் உதவியாளர் இருவரும் மட்டுமே. எஸ்தரிடம் இருந்ததோ 'செப்ட்' என்னும் பிரெஞ்சுக் கேமரா. வில்சுருளை ஒருமுறை முறுக்கினால் சில வினாடிகளே அது ஓடும். தீயிட்ட பின்னும் ஏவுகணை உடனே எழவில்லை. எரிபொருள் சற்றுக் கரைந்து எடை குறையும்வரை சட்டத்திலேயே நின்றது. அதற்குள் கேமரா ஓய்ந்துவிட்டது. பின்னரே ஏவுகணை எழுந்து, இரண்டரை வினாடியில் 41 அடி உயர்ந்து, 184 அடி தள்ளி வீழ்ந்தது.

உலகம் காண விரும்பும் அந்தக் காட்சி படச்சுருளில் இல்லை! ஆயினும் நேரம், உயரம், தொலைவு ஆகியன நமக்குத் தெரிகின்றன. எவ்வாறு? காடர்ட் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். படம் விட்டதை எழுத்து காத்தது. எழுத்தால் காட்ட இயலாத சட்டத்தின் வடிவையும் குளிராடை அணிந்து நிற்கும் பேராசிரியரையும் அம்மையார் அன்று எடுத்த புகைப்படம் காத்தது. கணவர் மறைந்தபின் எஸ்தர் அவருடைய தாள்களைத் தொகுத்து ஒழுங்குபடுத்தினார். காடர்டின் 214 காப்புரிமைகளுள் 131 அவர் மறைவுக்குப் பின் அம்மையாரின் முயற்சியால் கிடைத்தவை. அத்தொகுப்பு இன்று கிளார்க் பல்கலைக்கழகக் காப்பகத்தில் உள்ளது. 1969இல் அங்குத் திறக்கப்பெற்ற நூலகம் காடர்டின் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஏவுகணை என்றவுடன் நம் நினைவு பூந்தமல்லிக்கு மேற்கே, காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூருக்குச் செல்கிறது. 1780இல் ஹைதர் அலி, திப்பு ஆகியோரின் படைகள் இரும்புக்குழாய் ஏவுகணைகளை அங்குப் பயன்படுத்தின. அப்போரைக் காட்டும் சுவரோவியம் ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையில் உள்ளது. மைசூர் ஏவுகணைப் போரைச் சித்திரிக்கும் ஓர் ஓவியத்தை அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்தில் கண்டு வியந்ததை டாக்டர் அப்துல் கலாம் எழுதியுள்ளார். சொந்த மண்ணின் செய்தியை அயல்நாட்டுச் சுவரில் காணும் நிலை நமக்கு நேர்ந்தது!

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் இல்லங்களின் பரண்களில் நிக்காஹ், மீலாது விழா, கல்லூரி அறிவியல் கண்காட்சி ஆகியவற்றின் வீடியோ கேசட்டுகள் கிடக்கின்றன. வீடு மாறும்போது அவை காயலான் கடைக்குப் போகின்றன. நம் ஊரின் வெப்பமும் ஈரமும் இவற்றுக்குப் பகை. பழைய அசிடேட் படச்சுருள் சிதையத் தொடங்கினால் வினிகர் நெடி வீசும். அந்த அமில ஆவி அருகிலுள்ள சுருள்களையும் கெடுக்கும். ஒளிநாடாவிலோ பூஞ்சை படரும். அதனை ஓட்டும் கருவியின் உற்பத்தியும் 2016இல் உலகெங்கும் நின்றுபோயிற்று. இயங்கும் கருவி கிடைக்கும்போதே கணினிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிய பின்னும் மூலத்தை எறிதல் கூடாது.

எனினும் பிரதி எடுத்தல் பாதிப் பணியே. ஹதீஸ் கலையில் செய்திக்கு முன்னே அதனை அறிவித்தோரின் தொடரை வைப்பது நாம் அறிந்த மரபு. இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்னும் தொடர் அறுந்தால் செய்தியின் வலிமை குன்றும். படச்சுருளுக்கும் இது பொருந்தும். எடுத்தவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர், வரிசையில் நிற்போர் எவர், யார் கைமாறி வந்தது என்னும் குறிப்பில்லாத படம் முகமறியாதோர் கூட்டமாகிவிடும். அம்முகங்களை அடையாளம் காட்டவல்ல மூத்தோர் இன்று நம் தெருக்களில் வாழ்கின்றனர். மாணவர்கள் விடுமுறையில் அவர்களை அருகில் அமர்த்தி, படத்தை ஓடவிட்டு, அவர்கள் சொல்லும் பெயர்களைத் தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. அதன் ஒரு பிரதியைப் பேழைக்குள்ளும் மற்றொன்றைக் கல்லூரி நூலகத்திலும் வைக்கலாம்.