கடல் கடந்து வரும் வன்தட்டு: காட்டும் விலையும் கைக்கு வரும் விலையும்

குடும்பத்தின் பழைய ஒளிப்படங்கள், கடையின் பல ஆண்டுக் கணக்குகள், வரித் தாக்கல் ஆவணங்கள், பிள்ளைகளின் ஆய்வேடுகள் ஆகிய அனைத்தும் இன்று உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. ஹார்டு டிஸ்க் என்று வழங்கும் வன்தட்டையும், சுழலும் பாகம் ஏதுமில்லாத எஸ்எஸ்டியையும் வெளிநாட்டு இணையக் கடைகளில் தள்ளுபடி விலைக்கு வாங்க வாடிக்கையாளர் பலர் விரும்புகின்றனர். உள்ளூர்க் கடையின் விலையையும் திரையில் தெரியும் டாலர் விலையையும் ஒப்பிட்டால் அந்த விருப்பம் இயல்பே. ஆயினும் திரையில் தெரிவது பொருளின் விலையில் ஒரு பகுதி மட்டுமே. மீதிப் பகுதி சுங்கத்திலும், கார்டுக் கட்டணத்திலும், உத்தரவாதத்திலும், பொருளின் நம்பகத்தன்மையிலும் மறைந்திருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

விலை ஏன் குறைகிறது?

எல்லாத் தள்ளுபடியும் ஏமாற்று அன்று. புதிய வகை வரும்போது பழைய வகையை விற்றுத் தீர்ப்பதும், திருவிழாக் காலங்களில் விலையைக் குறைப்பதும் எந்நாட்டு வணிகருக்கும் உரிய வழக்கமே. ஆனால் குறைந்த விலைக்குப் பின்னால் வேறு நான்கு காரணங்களும் இருக்கக்கூடும்.

முதலாவது, உத்தரவாதம் இல்லாமை. கணினித் தயாரிப்பாளர்களுக்கென மொத்தமாக அனுப்பப்படும் ஓஇஎம் வகை வட்டுகள் சில்லறைச் சந்தைக்கு வந்தால், அவற்றை வாங்குவோருக்குத் தயாரிப்பாளரின் நேரடி உத்தரவாதம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. சில்லறை வட்டுகளுக்கும் உத்தரவாதம் நாட்டளவிலோ வட்டாரத்தளவிலோ வரையறுக்கப்பட்டிருக்கலாம். வட்டின் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ளிட்டால், இந்தியாவில் அதற்கு உத்தரவாதம் உண்டா, எந்நாள் வரை உண்டு என்பது தெரிந்துவிடும். வாங்குமுன் விற்பனையாளரிடம் அந்த எண்ணைக் கேட்பதில் தவறில்லை.

இரண்டாவது, பழையதைப் புதுப்பித்து விற்றல். ரீஃபர்பிஷ்டு, ரீசர்டிஃபைடு என்ற சொற்கள் விளம்பரத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கக்கூடும். இங்குச் சட்டச் சிக்கலும் உண்டு. நம் வெளிநாட்டு வணிகக் கொள்கையின்படி, புதுப்பிக்கப்பட்ட கணினி உதிரிபாகங்கள் கட்டுப்படுத்தப்பட்ட இறக்குமதி இனத்தைச் சேர்ந்தவை. அவற்றைக் கொண்டுவர வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி வரும் பொருள் சுங்கத்தில் தடைபட்டால் இழப்பு வாங்கியவருக்கே.

மூன்றாவது, பழையதைப் புதியதென்றே சொல்லி விற்றல். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைஸே என்னும் தொழில்நுட்பச் செய்தி நிறுவனம் இத்தகைய மோசடி ஒன்றை வெளிக்கொணர்ந்தது. புதியவை என்று ஐரோப்பியக் கடைகளில் விற்கப்பட்ட சீகேட் வன்தட்டுகள் பல, ஏற்கெனவே பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை எனத் தெரியவந்தது. 2021-இல் அறிமுகமான சியா என்னும் மின்நாணயத்தை ஈட்டுவதற்கு மிகப் பெரும் சேமிப்பிடம் தேவைப்பட்டது. அதற்காக வாங்கிக் குவித்துப் பின்னர்க் கைவிடப்பட்ட வட்டுகளே இவ்வாறு சந்தைக்குத் திரும்பியிருக்கலாம் என்று கருதப்பட்டது. அவ்வட்டுகளைத் தான் விற்கவில்லை என்று சீகேட் தெரிவித்தது. அவற்றை விற்ற கடைகளுள் நன்கறியப்பட்டவையும் இருந்தன. கடையின் பெயர் ஒன்றே போதிய காப்பு ஆகாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

நான்காவது, கொள்ளளவுப் பொய். 16 டெராபைட் எஸ்எஸ்டி ஓரிரண்டு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் அது தள்ளுபடி அன்று, ஏமாற்று. இத்தகைய பெட்டிகளைப் பிரித்தவர்கள் உள்ளே ஒரு சிறிய மெமரி கார்டை மட்டுமே கண்டிருக்கின்றனர். தன் கொள்ளளவு 16 டெராபைட் என்று கணினியிடம் பொய் சொல்லுமாறு அதன் உள்மென்பொருள் மாற்றப்பட்டிருக்கும். உண்மைக் கொள்ளளவு நிரம்பிய பின்னும் கோப்புகள் பதிவாவதுபோலவே தோன்றும். மெய்யில் புதியது பழையதை அழிக்கும், அல்லது எங்குமே பதியாது மறையும். திறந்து பார்க்கும் நாளில்தான் இழப்பு தெரியவரும்.

இதனோடு ஒரு விளக்கத்தையும் சேர்க்க வேண்டும். 1 டெராபைட் வட்டு விண்டோஸ் கணினியில் ஏறத்தாழ 931 ஜிபி என்று காட்டினால் அது மோசடி அன்று. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்குகளாலும், கணினி 1,024-இன் மடங்குகளாலும் எண்ணுவதால் வரும் வேறுபாடே அது.

வாசலுக்கு வரும் விலை

சுங்கவரி பொருளின் விலைமீது மட்டும் கணக்கிடப்படுவதில்லை. பொருள் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு ஆகிய மூன்றும் சேர்ந்த தொகையே வரிக்குரிய மதிப்பு. காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் பொருள் விலையில் 1.125 விழுக்காடு என்று விதிகளின்படி கொள்ளப்படும். ரூபாய் மதிப்பும் சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று விகிதப்படியே அமையும்.

கணினி வன்தட்டுகளுக்கு, உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையின் பயனாக, அடிப்படைச் சுங்கவரி இல்லை. 18 விழுக்காடு ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி உண்டு. ஆனால் தனிப்பயனுக்காக அஞ்சல் வழியாகவோ விமானம் வழியாகவோ வரும் பொருள்களுக்குச் சுங்கப் பட்டியலில் 9804 என்னும் தனித் தலைப்பு உள்ளது. அதன்கீழ் வகைப்படுத்தப்பட்டால் அடிப்படைச் சுங்கவரியும் சேர்ந்து வரி கூடும். விகிதங்கள் வரவுசெலவுத் திட்டந்தோறும் மாறக்கூடியவை ஆதலால், வாங்கும் நாளில் உள்ள விகிதத்தைக் கூரியர் நிறுவனத்திடம் கேட்டறிவது நலம்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வட்டின் விலை 120 டாலர், அனுப்பும் செலவு 25 டாலர், ஒரு டாலர் 90 ரூபாய், கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 விழுக்காடு, கூரியரின் சுங்க அனுமதிக் கட்டணம் 700 ரூபாய் எனக் கொள்வோம். மிகக் குறைந்த வரியாகிய 18 விழுக்காட்டையே எடுத்துக்கொள்வோம்.

வட்டின் விலை: ரூ. 10,800
அனுப்பும் செலவு: ரூ. 2,250
ரூ. 13,172 மதிப்பின்மீது ஜிஎஸ்டி: ரூ. 2,371
கார்டின் செலாவணிக் கட்டணம்: ரூ. 457
அக்கட்டணத்தின்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி: ரூ. 82
கூரியர் கட்டணம்: ரூ. 700
மொத்தம்: ரூ. 16,660

திரையில் 10,800 ரூபாயாகத் தெரிந்த பொருள், வாசலுக்கு வரும்போது பாதிக்கு மேல் ஏறிவிட்டது. அதே வட்டு உள்ளூரில் உத்தரவாதத்துடன் 17,500 ரூபாய்க்குக் கிடைக்குமானால், மிச்சம் 840 ரூபாய் மட்டுமே. அந்த 840 ரூபாய்க்காக உள்ளூர் உத்தரவாதத்தை விட்டுக்கொடுக்கலாமா என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

"அன்பளிப்பு என்று எழுதி அனுப்புகிறோம், வரி வராது" என்று விற்பனையாளர் சொன்னால் இசையலாகாது. 2019 டிசம்பர் முதல், மிகச் சில விலக்குகள் தவிர, அன்பளிப்பு என்ற பெயரில் வரியின்றிப் பொருள் கொண்டுவர இயலாது. விலையைக் குறைத்துக் காட்டினாலும் சுங்கச் சட்டப்படி பொருள் பறிமுதலாகலாம், அபராதமும் விதிக்கப்படலாம்.

பணம் செலுத்தும் முறை

2020-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாக வழங்கப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி தொடக்கத்தில் மூடப்பட்டே இருக்கும். வங்கிச் செயலி, இணைய வங்கி, ஏடிஎம் ஆகியவற்றின் வழியே அதை நாமே திறக்கலாம், மூடலாம், உச்சவரம்பும் வைக்கலாம். வாங்கும் வேளையில் திறந்து, வேண்டிய தொகையளவுக்கு மட்டும் வரம்பு வைத்து, பணம் சென்றதும் மூடிவிடுவது சிறந்த பழக்கம். உள்நாட்டுக் கடைகளைப் போல எல்லா வெளிநாட்டுத் தளங்களும் ஓடிபி கேட்பதில்லை. கார்டு எண்ணும் மறைவெண்ணும் இருந்தாலே பணம் சென்றுவிடும் தளங்கள் உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கார்டு விவரத்தைத் தளத்தில் சேமித்து வைத்தலும் வேண்டாம்.

சில தளங்கள் தொகையை ரூபாயிலேயே காட்டி, ரூபாயில் செலுத்துமாறு கேட்கும். அங்குச் செலாவணி விகிதத்தை நிர்ணயிப்பது விற்பனையாளர் தரப்பு. அது பெரும்பாலும் நமக்கு ஆதாயமாக இராது. இரு தொகைகளையும் ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்க.

கார்டு வழியன்றி, முன்பின் அறியாத ஒருவரின் வெளிநாட்டுக் கணக்கிற்கோ மின்நாணயப் பணப்பைக்கோ பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நின்றுவிட வேண்டும். கார்டில் செலுத்திய பணத்தை முறையிட்டுத் திரும்பக் கோர வழி உண்டு. அவ்வழிகளில் சென்ற பணத்திற்கு அத்தகைய வழி இல்லை.

பொருள் வந்தபின் சோதனை

புதிய வட்டில் முதல் நாளே குடும்பப் படங்களை ஏற்றலாகாது. முதலில் சோதனை, பிறகே பயன்பாடு. பெட்டியின் முத்திரையைப் பிரிப்பதைக் காணொளியாக எடுத்து வைத்தால் பின்னால் சான்றாகும். பின்னர் மூன்று படிகள் உள்ளன.

ஒன்று, பெட்டியிலும் வட்டிலும் உள்ள வரிசை எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, தயாரிப்பாளரின் தளத்தில் சரிபார்த்தல்.

இரண்டு, வட்டின் உடல்நிலைப் பதிவை வாசித்தல். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள், வட்டு இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைக் காட்டும். புதிய வட்டில் அது சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆனால் மேற்சொன்ன ஜெர்மானிய நிகழ்வில் இப்பதிவே அழிக்கப்பட்டிருந்தது. சீகேட் வட்டுகளில் ஃபார்ம் என்னும் தனிப்பதிவு ஒன்றும் உண்டு, உண்மை அதில்தான் வெளிப்பட்டது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்னும் இலவச மென்பொருளின் அண்மைப் பதிப்புகளால் அதை வாசிக்கலாம். இரண்டு பதிவுகளும் முரண்பட்டால் வட்டு பழையது.

மூன்று, கொள்ளளவை முழுமையாக எழுதிப் படித்துப் பார்த்தல். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்னும் இலவச மென்பொருள்கள் இதைச் செய்யும். நொடிக்கு 180 எம்பி வேகத்தில் 8 டெராபைட் வட்டை எழுத 12 மணி நேரத்திற்கு மேலும், படிக்க அதேயளவும் ஆகும். ஒரு நாள் காத்திருத்தல் பல ஆண்டு நினைவுகளுக்குக் காவல்.

இச்சோதனைகள் அனைத்தும் விற்பனையாளரின் திரும்பப் பெறும் காலக்கெடு முடியுமுன் நிறைவடைய வேண்டும். மேசை இழுப்பறையில் மாதக்கணக்கில் வைத்திருந்து பின்னர்த் திறப்பவர், முறையிடும் உரிமையைத் தாமே இழக்கிறார்.

ஏமாற்றம் நேர்ந்தால்

இரு வேறு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். நாம் அறியாமலே நம் கார்டிலிருந்து பணம் எடுக்கப்பட்டால் அது அனுமதியற்ற பரிவர்த்தனை. உடனே கார்டை முடக்கி வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியின் பிழையோ வாடிக்கையாளரின் பிழையோ இன்றி நேர்ந்த மோசடியை, வங்கியின் அறிவிப்பு கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. தாமதம் கூடக்கூடப் பொறுப்பும் கூடும். 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணிலும் புகார் பதிய வேண்டும்.

நாமே செலுத்திய பணத்திற்குப் பொருள் வராவிட்டாலோ, வந்தது வேறாக இருந்தாலோ அது வணிகத் தகராறு. இங்கு வழி, சார்ஜ்பேக் எனப்படும் கார்டு முறையீடு. முதலில் விற்பனையாளருக்கு எழுத்தில் தெரிவித்து, மறுமொழியைச் சேமித்து, விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, ரசீது, சோதனை முடிவு ஆகியவற்றுடன் வங்கியை அணுக வேண்டும். கார்டு வலைப்பின்னல்களின் காலவரம்பு பொதுவாக 120 நாள்கள் என்றாலும், நாள் கடத்தாமல் வருவதே நன்று. வங்கியின் மறுமொழி 30 நாள்களில் வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை இலவசமாக அணுகலாம்.

இன்னொரு வலையும் உண்டு. "உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்தக் கணக்கிற்கு உடனே பணம் அனுப்புங்கள்" என்று வரும் அழைப்பு அது. பொருளுக்காகக் காத்திருப்பவர் எளிதில் நம்பிவிடுவார். சுங்கத்துறை தனிநபர் கணக்கில் பணம் கேட்பதில்லை. அதன் கடிதங்களில் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கும். மறைமுக வரிகள் வாரியத்தின் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

முடிவாக ஒன்று. உள்ளூரில் வாங்கினாலும் கடல் கடந்து வாங்கினாலும், எந்த வட்டும் ஒரு நாள் பழுதாகும். ஆகவே முக்கியக் கோப்புகளுக்கு மூன்று படிகள் இருக்கட்டும். அவை இரு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றேனும் வீட்டிற்கு வெளியே இருக்கட்டும். பழுதான வட்டை மாற்றித் தருகிறோம் என்று வெளிநாட்டு விற்பனையாளர் சொன்னாலும், அதனோடு நம் கணக்குகளும் படங்களும் கடல் கடக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் நாளே வட்டைக் கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்து வைப்பது அதற்குரிய காப்பு. வட்டை மீண்டும் வாங்கலாம். அதனுள் இருந்ததை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.