தோலில் படை, உடலுக்குள் எச்சரிக்கை

பயிரின் இலை மஞ்சளித்தால் இலைக்கு மட்டும் மருந்து தெளித்துவிட்டு நாம் வீடு திரும்புவதில்லை. வேரையும் மண்ணையும் பார்க்கிறோம். நமது தோலையும் அவ்வாறே பார்க்கப் பழகுவோம்.

சொரியாசிஸ் என்றால் என்ன?

முழங்கை, முழங்கால், தலை, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தடிப்பும் அதன்மேல் வெள்ளிநிறச் செதிலும் தோன்றும் நோய் இது. சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்பர். மேல்தோல் புதுப்பிக்கப்பட வழமையாக ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். இந்நோயில் சில நாட்களிலேயே புதிய கலங்கள் மேலே வந்து குவிகின்றன. உடலைக் காக்கும் நோயெதிர்ப்புத் தொகுதி தவறாகத் தூண்டப்படுவதே இதற்குக் காரணம்.

இது தொற்றுநோய் அன்று. பொதுக் கிணற்றில் ஒன்றாகக் குளிப்பதாலோ, ஒரே கோப்பையில் தேநீர் அருந்துவதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ பரவாது. நோயாளிக்குத் தனிக் கோப்பை வைப்பது அவரது மனத்தைப் புண்படுத்தும், யாரையும் பாதுகாக்காது.

உள்ளே நடப்பது என்ன?

இந்த அழற்சி தோலோடு நின்றுவிடுவதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்கள் குருதியிலும் கலந்து, இன்சுலினின் வேலையைத் தடைசெய்கின்றன; குருதிக் குழாய்களின் உட்சுவரையும் பாதிக்கின்றன. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் இத்தகைய பொருட்களைச் சுரக்கிறது. இவ்வாறு ஒன்று மற்றதை வளர்க்க, உண்ட உணவை உடல் பயன்படுத்தும் முறையாகிய அனுசேபம் குழம்புகிறது. எனவே சொரியாசிஸ் உள்ளவருக்கு நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், ஈரலில் கொழுப்பு, மாரடைப்பு ஆகியவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எல்லோருக்கும் வரும் என்பதல்ல. முன்கூட்டியே கவனிக்க வேண்டும் என்பதே பொருள்.

நமது நிலை

காணியை விட்டு வந்தபின் மண்வெட்டி பிடித்த கைகளுக்கு வேலை குறைந்துவிட்டது. சோறு, கோதுமை மா, சீனி ஆகியனவே பெரும்பாலும் வயிற்றை நிரப்புகின்றன. கவலையும் சேர்கிறது. உடற்பருமன் இந்நோய்க்கு வழி திறக்கும். மனவழுத்தம் படையைக் கிளப்பும். வெட்கத்தால் படையை மறைத்து வைத்தியரிடம் போகாதவர், உள்ளே ஏறும் சீனியையும் அறியாமல் இருந்துவிடுகிறார். பெரிய ஆபத்து அங்கேதான் உள்ளது.

செய்யக்கூடியவை

1. படையை வைத்தியரிடம் காட்டுங்கள். குருதிச் சீனி, குருதி அமுக்கம், கொலஸ்ட்ரோல் ஆகியவற்றையும் பரிசோதிக்கும்படி கேளுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

2. இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் மேற்பட்டால் எச்சரிக்கை.

3. தேநீரில் சீனியைக் குறையுங்கள். சோற்றின் அளவைக் குறைத்து முருங்கையிலை, பயறு, கௌபி ஆகியவற்றைக் கூட்டுங்கள். நாளொன்றுக்கு 30 நிமிடம் விரைந்து நடவுங்கள். உடல் எடை குறைந்தால் படையும் தணியக்கூடும்.

4. புகையையும் மதுவையும் விலக்குங்கள். இரண்டும் நோயைக் கூட்டும்.

5. பெயர் தெரியாத குளிசைகளைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். ஸ்டீரொயிட் குளிசை குருதிச் சீனியை ஏற்றும். திடீரென நிறுத்தினால் படை முன்னிலும் பெருகக்கூடும். வைத்தியர் தந்த மருந்தையும் அவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்.

6. மூட்டு வீங்கி, காலையில் விறைப்பாக இருந்தால் உடனே சொல்லுங்கள். இந்நோய் மூட்டுகளையும் தாக்கும்.

கலந்துரையாடுவோம்

தோல் நோயுள்ள ஒருவரை நமது கிணற்றடியில் எவ்வாறு நடத்துகிறோம்? அவர் வைத்தியசாலைக்குப் போகத் துணையாக நம்மில் யார் செல்வோம்?