தகரக் கூரையின் கீழ் இருப்பவருக்கும் சொல்லுங்கள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோது, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று வீசியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனாலும் திருவள்ளூர் மாவட்டம் வெள்ளத்தில் தவித்தது. சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் சூறைக்காற்று அவகாசமே தருவதில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், கூரையைத் தாக்கும் விசை நான்கு மடங்காகும். இந்த மாவட்டத்தின் பழவேற்காட்டுக் கரையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் இருப்பவர்கள் இவற்றை மனத்தில் இருத்த வேண்டும்.

செய்ய வேண்டியவை

• எச்சரிக்கையை இந்தியிலும் ஒடியாவிலும் சேர்த்துச் சொல்லுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்குத் தமிழ் அறிவிப்பு வெறும் சத்தம்தான். ஷிப்ட் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

• தகர ஷீட் அறைகளில் தங்கியிருப்போரைக் காற்று வலுக்கும் முன்பே கான்கிரீட் கட்டடத்துக்கு மாற்றுங்கள்.

• கொட்டகைக் கூரையின் போல்ட்டுகளை முன்கூட்டியே இறுக்குங்கள். ஒரு மூலை தூக்கினாலும் காற்று அடியில் புகுந்து மொத்த ஷீட்டையும் பிய்த்துவிடும்.

• திறந்தவெளிக் கிரேன்களைத் தண்டவாளத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள்.

• படகை மேட்டில் ஏற்றிக் கட்டுங்கள். இன்ஜினையும் வலையையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

• துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைக் கவனியுங்கள். 8, 9, 10 என்றால் பெரும் ஆபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

• பேட்டரி ரேடியோ, டார்ச், குடிநீர், மாத்திரைகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆதார், வங்கிப் புத்தகங்களைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள்.

செய்யக்கூடாதவை

• காற்று திடீரென அடங்கினால் வெளியே வராதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். வடக்கிலிருந்து அடித்த காற்று, சற்று நேரத்தில் தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். வர்தாவின்போது சென்னை இதைக் கண்டது.

• ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஃபைபர் படகுகள் போகும். வெயில் அடிக்கிறதே என்று எச்சரிக்கையை மீறி முகத்துவாரம் தாண்டாதீர்கள்.

• மழையில் நனைந்த இரும்புக் கழிவை உலையில் போடாதீர்கள். உருகிய உலோகத்துக்குள் சிக்கும் நீர் நொடியில் நீராவியாகி வெடிக்கும். புயல் ஓய்ந்த பிறகும், நன்றாகக் காய்ந்த பின்பே போட வேண்டும்.

• காற்று நிற்குமுன் ஷீட்டைச் சரிசெய்யக் கூரையேறாதீர்கள்.

• அறுந்து கிடக்கும் மின்கம்பியையோ அது கிடக்கும் தண்ணீரையோ நெருங்காதீர்கள். 94987 94987 எண்ணில் மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்துக்குச் சொல்லுங்கள்.

• புயல் நாளில் வர முடியாதவரின் கூலியைப் பிடிக்காதீர்கள். அந்த ஒருநாள் கூலிக்குப் பயந்துதான் ஒருவர் கொட்டும் மழையில், ஜி.என்.டி. சாலையில், லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுகிறார்.

அவசர எண்கள்: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, ஆம்புலன்ஸ் 108, கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படை 1554. இந்த நான்கையும் பக்கத்து அறைக்காரரின் போனிலும் இன்றே பதிந்து கொடுங்கள். கூரை பறக்கும் நேரத்தில் அவருக்கு இங்கே வேறு யாரையும் தெரியாது.