நீர்க்காகமும் பகாசுரனும்

அளவின்றி உண்பவரை ஆங்கிலத்தில் 'கார்மரண்ட்' என்று பழிப்பதுண்டு. ஷேக்ஸ்பியர் தம் நாடகங்களில் பேராசைக்கு இச்சொல்லை ஆண்டிருக்கிறார். மில்டனோ தம் காவியத்தில் சாத்தானையே இப்பறவையைப் போல ஏதேன் தோட்டத்து மரத்தின்மேல் அமர்த்திவிட்டார். அப்படி என்னதான் குற்றம் செய்தது அந்தப் பறவை?

லத்தீன் மொழியில் 'கடல் அண்டங்காக்கை' என்று பொருள்படும் சொற்களிலிருந்து அதன் பெயர் பிறந்தது. நம் முன்னோர் அதனை நீர்க்காகம் என்றனர். ஒருவரையொருவர் கேளாமலே இரு மொழியினரும் காக்கையையே நினைத்தது வியப்பு! பெயரில் கடல் இருந்தாலும் ஏரி, குளங்களிலும் அது வாழும். வேடந்தாங்கலில் கூடு கட்டும். நம் குந்தாவின் அணைக்கரையில் பட்ட மரத்தின்மேல் சிறகை விரித்து வெயில் காயும் கரிய பறவையை நாமும் கண்டிருக்கிறோம்.

மீனைத் தலைப்பக்கமாக முழுதாய் விழுங்குவது அதன் வழக்கம். அப்போது கழுத்து புடைப்பதைக் கண்டவர்கள் பெருந்தீனி என்றார்கள் போலும். 2 அல்லது 3 கிலோ எடையுள்ள பெரிய நீர்க்காகம் நாளொன்றுக்குச் சுமார் அரை கிலோ மீன் தின்னும். இதற்குக் காரணம் உண்டு. வாத்தின் இறகில் நீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் வெளியிறகோ நனைந்துவிடும். அதனால் மிதக்காமல் எளிதில் மூழ்கலாம். ஆனால் குளிர்ந்த நீரில் உடற்சூடு விரைவாகக் குறையும். இழந்த சூட்டை உணவுதான் ஈடுசெய்ய வேண்டும்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து காலைப் பனியில் நடந்து வரும் தோழி, மதியம் டப்பாவை வழித்து உண்டால் 'பகாசுரன்' என்று சிரிக்கிறார்களே, அவளுக்கும் இந்தக் கணக்குத்தான்.

சீனாவிலும் ஜப்பானிலும் நீர்க்காகத்தைப் பழக்கி மீன் பிடிப்பர். பெரிய மீனை அது விழுங்காதபடி கழுத்தில் கயிறு கட்டிவிடுவர். பாடுபடுவது பறவை, மீன் மனிதனுக்கு. ஆயினும் பேராசைக்காரப் பெயர் பறவைக்கே!

தமிழில் நீர்க்காகத்துக்கு அந்தப் பழி இல்லை. எனினும் நாமும் ஒரு பறவையை விட்டுவைக்கவில்லை. வடமொழியில் 'பகம்' என்றால் கொக்கு. பகாசுரன் பெயரில் இருப்பது அந்தக் கொக்குதான். மகாபாரதத்தில் ஏகசக்கர நகரத்தார் அவனுக்கு வண்டி நிறையச் சோறும், கொண்டுபோகும் ஆளையும் சேர்த்தே அனுப்பினர். ஒருநாள் பீமன் போனான். அசுரன் பார்த்திருக்கவே அந்தச் சோற்றைத் தானே உண்டு, பிறகு அவனைக் கொன்றான். அந்தப் பீமனுக்கு 'விருகோதரன்', அதாவது ஓநாய் வயிறன் என்று ஒரு பெயர் உண்டு. அவனைப் பார்த்து மட்டும் யாரும் சிரிப்பதில்லை.