கல்லாவை விட்டு எழுவோருக்கு: குறுந்தூர டிரையத்லான் தரும் பாடம்

வணிகருக்குச் சரக்கும் பணமும் போலவே உடம்பும் ஒரு மூலதனம். ஆனால் காலை ஆறு மணிக்குக் கடை திறந்து, இரவு பத்து மணிக்குக் கணக்கு முடிக்கும் மளிகை வியாபாரி அந்த மூலதனத்தைக் கவனிப்பதில்லை. சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துவிடுகின்றன. டாக்டர் சொல்லி நடக்கத் தொடங்கியவர்கள் பின்பு சைக்கிளுக்கும், அதன்பின் போட்டிகளுக்கும் வருவதுண்டு. அப்படிப்பட்ட அன்பர்களுக்காகக் குறுந்தூர டிரையத்லான் பற்றி இங்கே பார்ப்போம்.

போட்டி என்பது என்ன?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி ஒருவரே முடிப்பது டிரையத்லான். இதில் குறுந்தூர வகைக்கு 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். 25 மீட்டர் குளத்தில் முப்பது நீளம் நீந்தி, கம்பத்திலிருந்து கூடலூர் போய்த் திரும்பும் அளவுக்குச் சைக்கிள் மிதித்து, அதற்கு மேல் ஐந்து கிலோமீட்டர் ஓடுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

இது வேலைக்குப் போகிறவர்கள் தொடங்கிய விளையாட்டு. 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மிஷன் பே என்னுமிடத்தில், ஓர் ஓட்டச் சங்கத்தார் மாலை நேரத்தில் இதை நடத்தினர். 46 பேர் கலந்துகொண்டனர். கடைசியில் வந்தவர்கள் நீந்தும்போது இருட்டிவிட்டதால், கார்களின் முன்விளக்குகளைத் தண்ணீர் மேல் அடித்து வழிகாட்டினார்கள். அங்கிருந்து வளர்ந்த விளையாட்டு 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் தனிநபர் பிரிவு இதே 750 மீட்டர், 20, 5 கிலோமீட்டர் அளவில் நடந்தது. ஆண்களில் முதலில் வந்த அலெக்ஸ் யீ எடுத்துக்கொண்டது 50 நிமிடம் 34 விநாடி. அப்போட்டியில் இந்தியாவுக்காக இறங்கியவர்களுள் ஒருவரான அகமதாபாத் பிரக்ஞா மோகன் ஒரு சார்ட்டர்டு அக்கவுண்டண்ட். கணக்குப் புத்தகமும் விளையாட்டும் சேர்ந்து போகும் என்பதற்கு இது சான்று.

நேரக் கணக்கு

பயிற்சி பெற்ற சாதாரண மனிதர் ஒருவருக்கு ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். நீச்சல் 20 நிமிடம், சைக்கிள் 50, ஓட்டம் 35, உடை, செருப்பு, தலைக்கவசம் மாற்றும் இரண்டு இடங்களிலும் சேர்த்து 5. மொத்தம் 110 நிமிடம்.

நீச்சலில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் மிச்சம் 2 நிமிடம். சைக்கிளில் அதே பங்கைக் குறைத்தால் 5 நிமிடம். மாற்றுமிடத்தில் பொருள்களை வரிசையாக வைத்து 5 நிமிடத்தை 2 ஆக்கினால் 3 நிமிடம் மிச்சம். அதற்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை. எடுக்கும் வரிசையில் சரக்கை அடுக்கத் தெரிந்த கடைக்காரருக்கு இது கைவந்த கலை. ஒரு விதியை மட்டும் மறக்கக்கூடாது. தலைக்கவசத்தை அணிந்து வாரைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும். தவறினால் தண்டனை உண்டு.

இருப்பு தீர்ந்தால்

மூன்று கடைகளை ஒரே முதலீட்டில் நடத்துவது போன்றது இப்போட்டி. முதல் கடையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் மூன்றாவது கடை படுத்துவிடும். சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கும்போது கால்கள் இரும்பாய்க் கனக்கும். புதியவர் எல்லோருக்கும் இது நேரும். சில நிமிடம் சிற்றடி வைத்து ஓடினால் கால் பழகிவிடும். ஆனால் முன்பே சக்தியைச் செலவழித்தவருக்கு அது பழகாது.

பெரிய வீரர்களுக்கும் இதில் விலக்கில்லை. 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கொசுமெல் தீவில் நடந்த ஒன்றரை கிலோமீட்டர், 40, 10 கிலோமீட்டர் போட்டியில் இங்கிலாந்தின் ஜானி பிரவுன்லி முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். எல்லைக்குச் சில நூறு மீட்டர் இருக்கையில் வெப்பத்தில் தள்ளாடி நின்றுவிட்டார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் அவரைத் தாங்கிப் பிடித்து எல்லை வரை கொண்டுவந்தார். அதற்குள் தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஷூமன் முந்தி வென்றார். ஜானிக்கு இரண்டாமிடமே கிடைத்தது.

தண்ணீர் இருப்பும் அவ்வாறே. 1978-இல் ஹவாயில் நடந்த முதல் நெடுந்தூரப் போட்டியில் முன்னணியில் இருந்த ஜான் டன்பாருக்கு, உடன் வந்தவர்கள் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துபோனது. அவர்கள் பீர் கொடுத்தார்கள். அவர் வெற்றியை இழந்தார். நம் ஊர் வெயிலில் உப்பும் எலுமிச்சையும் சேர்த்த தண்ணீரோ மோரோ போதும். ஆனால் தாகம் எடுக்கும் முன்பே சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும்.

ஆபத்துக் கணக்கு

நேரக் கணக்கில் நீச்சல் சிறிய பங்கு. ஆபத்துக் கணக்கில் அதுவே பெரும் பங்கு. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த போட்டிகளை ஆராய்ந்தபோது, திடீர் மரணம், இதயம் நின்று மீட்கப்பட்டவை, விபத்து மரணம் எல்லாம் சேர்த்து 135 நிகழ்வுகள் தெரியவந்தன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு நீச்சலின்போது நேர்ந்தவை. பெரும்பாலோர் ஆண்கள், வயது கூடக் கூட ஆபத்தும் கூடியது.

ஆகவே நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, அழுத்தம் உள்ளவர்கள் இதயப் பரிசோதனை செய்து டாக்டரின் சம்மதம் பெறாமல் பெயர் கொடுக்கக்கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களுக்கு நடுவழியில் சர்க்கரை அளவு இறங்கிப் போகலாம். கையில் இனிப்பு இருக்க வேண்டும். நீச்சல் தொடங்கும்போது கூட்டத்துக்கு நடுவில் நிற்காமல் ஓரமாக, கடைசியில் இறங்குவது புதியவருக்கு நல்லது. நெஞ்சு இறுகினால் உடனே மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காவலரை அழைக்க வேண்டும். போட்டியை விட்டு வெளியேறுவதில் அவமானம் எதுவும் இல்லை.

நம் பள்ளத்தாக்கில் பயிற்சி

1. நீச்சலுக்குக் காவலர் உள்ள குளமே ஏற்றது. லோயர் கேம்ப் மின் நிலையம் வழியாக முல்லைப் பெரியாற்றில் வரும் நீர், திறப்புக்கு ஏற்பக் கூடும், குறையும். ஆற்றிலும் கால்வாயிலும் வைகை அணையிலும் பயிற்சி வேண்டாம். 2019-இல் தேனியைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை கடலை நீந்திக் கடந்தான் என்றால், பயிற்சியாளரும் பாதுகாப்புப் படகும் உடன் இருந்ததே காரணம்.

2. விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. பிரேக்கும் டயரும் சரியாக இருந்தால் போதும். ஏலக்காய், காய்கறி லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையைத் தவிர்த்து, விடிந்தபின் கிராமச் சாலைகளில் மிதிக்கலாம். ஆடிக் காற்றில் எதிர்காற்றுப் பக்கமாகப் புறப்பட்டால் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். திரும்பும் வழியில் எதிர்காற்று வந்தால் களைத்த காலுக்கு இரட்டைச் சுமை.

3. வாரத்தில் நீச்சல் இரண்டு நாள், சைக்கிள் இரண்டு நாள், ஓட்டம் இரண்டு நாள், ஒரு நாள் ஓய்வு. ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்குள் முடியட்டும்.

4. சைக்கிள் நாள் ஒன்றில் பத்து கிலோமீட்டர் மிதித்து, இறங்கியதும் ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். கால் கனத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

5. ஏற்கெனவே நடைப்பழக்கமும் நீச்சலும் உள்ளவருக்குப் பன்னிரண்டு வாரம் வேண்டும். நீந்தவே தெரியாதவர் அந்தக் கணக்கை நீச்சல் கற்ற பின்பே தொடங்க வேண்டும்.

பரிசு வாங்குவது சிலருக்கே இயலும். பயிற்சிக்காகத் தினமும் ஒதுக்கும் முக்கால் மணி நேரம் எல்லோருக்கும் லாபம். சரக்கு இருப்பை மாதம் ஒருமுறை சரிபார்க்கும் நாம் உடம்பின் இருப்பையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபார்ப்போம். போட்டிக்குப் போகிறோமோ இல்லையோ, முதல் வேலை அந்தப் பரிசோதனைதான்.