சக்கரத்தினுள் மின்சார மோட்டார்: வண்டியின் ஓட்டமும் கட்டுப்பாடும்

திருவனந்தபுரம் குன்றுகளின் மேல் அமைந்த நகரம். ஏற்றமும் வளைவும் மிகுந்த அதன் வீதிகளில், மழைக்காலத்தில், டயர் தரையை விடாது பற்றியிருத்தல் இன்றியமையாதது. மின்சார மோட்டாரைச் சக்கரத்தின் குடத்திலேயே பொருத்தினால் இப்பற்று எவ்வாறு மாறுபடும் என்பது ஈண்டு விளக்கப்படுகிறது.

இவ்வமைப்பு புதியதன்று. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட லோனர்-போர்ஷே மின்சார வண்டியின் முன்சக்கரங்களில் மோட்டார்கள் இருந்தன. இந்நாளில் டி.வி.எஸ். ஐக்யூப் ஸ்கூட்டரின் பின்சக்கரக் குடத்தில் மோட்டார் உள்ளது. கார்களில் இம்முறை இன்னும் அரிதே.

வண்டியின் எடை இரு பகுதிகளைக் கொண்டது. உடற்பகுதியையும் பிரயாணிகளையும் சுருள்விற்கள் தாங்குகின்றன. சக்கரம், டயர், பிரேக் ஆகியவை விற்களுக்குக் கீழே உள்ளன. இவற்றின் எடை ‘வில் தாங்கா எடை’ எனப்படும். சக்கரத்தில் மோட்டாரைப் பொருத்தினால் மிகுவது இவ்வெடையே.

ஓர் உதாரணம் காண்க. ஒரு சக்கரத்தின் வில் தாங்கா எடை 40 கிலோகிராம் என்க. டயரின் விறைப்பு மீட்டருக்கு 2,00,000 நியூட்டன். சுருள்வில்லின் விறைப்பு 20,000 நியூட்டன். இச்சக்கரம் வினாடிக்குச் சுமார் 12 தடவை அதிரும். 30 கிலோகிராம் மோட்டாரைச் சேர்த்தால் அதிர்வு சுமார் 9 தடவையாகக் குறையும். மனித உடல் வினாடிக்கு 4 முதல் 8 வரையான செங்குத்து அதிர்வுகளை மிகுதியாக உணர்வது. ஆகவே சக்கரத்தின் அதிர்வு அவ்வெல்லையை நெருங்குகிறது. அன்றியும், கனத்த சக்கரம் பள்ளத்தை விரைந்து தொடர இயலாது. டயர் தரையை அழுத்தும் விசை ஏறியிறங்கும். அது குறையும் கணத்தில் பிரேக்கும் திருப்பமும் வலுக்குன்றும்.

எனினும் இக்குறை தீர்க்கத்தக்கது. ஃபோர்டு ஃபோக்கஸ் காரின் சக்கரங்களில் 30 கிலோகிராம் வீதம் எடை சேர்த்து லோட்டஸ் பொறியியலார் சோதித்தனர். ஓட்டம் சற்றே தாழ்ந்ததாயினும், அதிர்வு தாங்கிகள் முதலியவற்றைத் திருத்தியமைத்து அதனைப் பெரும்பாலும் மீட்கலாம் என்பது 2010-இல் வெளியான அவர்களது முடிவு.

நன்மையும் உண்டு. ஒவ்வொரு சக்கரத்தின் முறுக்குவிசையையும் தனித்தனியே விரைந்து மாற்றலாம். வளைவில் வெளிப்புறச் சக்கரத்திற்கு மிகுதியாக அளித்தால் வண்டி எளிதில் திரும்பும். ஆனால் ஒருபுற மோட்டார் திடீரென நின்றால், இதே விசை வண்டியைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். எதிர்ப்புற விசையை அக்கணமே குறைப்பது மின்னணுக் கட்டுப்பாட்டின் கடமை. அத்தகைய கட்டுப்பாட்டுக்கு அடிப்படையான மின்திறன் மின்னணுவியலில், 2004-இல் தொடங்கிய தேசிய இயக்கத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு திருவனந்தபுரம் சி-டாக் மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். இரும்பறுக்கும் வாளின் அலகை மேசை விளிம்பில் இறுகப் பிணைத்து, நுனியைத் தட்டுக. பின்னர் நுனியில் களிமண் உருண்டையை ஒட்டித் தட்டுக. அலகு மெதுவாக அதிர்வதை மாணவர் கண்ணாலேயே காண்பர். களப்பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்று: சக்கரம் கனக்குமளவுக்கு, அதிர்வு தாங்கியின் பழுதும் டயரின் காற்றுக் குறைவும் பெருந்தீங்காகும்.